சான்றிதழில் ஓர் எழுத்து

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'வெளிநாட்டில் தாதியர் பணி: வாய்ப்பா, ஏமாற்றமா?' என்பது இன்றைய தலைப்பு. நான் தாதி அல்ல. மக்கள் தொடர்புத் துறையில் டிப்ளோமா பெற்று, தொலைக்காட்சியில் நிகழ்ச்சி படைப்பவள். ஆனால் அம்பாங்கில் எங்கள் வீட்டில் ஒரு தாதி இருந்தார். அவர் என் பெரியம்மா. அவருடைய கதையோடு தொடங்குகிறேன்.

1971ஆம் ஆண்டு பெரியம்மா இங்கிலாந்துக்கு விமானம் ஏறினார். சுபாங் விமான நிலையத்தில் வழியனுப்ப ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள். பயணச் செலவுக்காகப் பாட்டியின் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. லோரி ஓட்டுநரான தாத்தா, "என் மகள் எஸ்.ஆர்.என். படிக்கப் போகிறாள்" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாராம். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பெரியம்மாவின் கைக்கு வந்த சான்றிதழில் இருந்ததோ எஸ்.இ.என். நடுவில் ஒரே ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. அந்த எழுத்து அவர் வாழ்க்கையையே மாற்றிவிட்டது.

தோட்டத்து வாசலோடு நின்ற தகுதி

தகுதிச் சான்றிதழ் என்பது நம் சமுதாயத்திற்குப் புதிய சிக்கல் அல்ல. தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருக்குக் காய்ச்சல் என்றாலும் வெட்டுக்காயம் என்றாலும் முதலில் ஓடிப் போனது டிரஸ்ஸரிடம்தான். டாக்டர் எப்போதோ ஒரு நாள் வருவார். டிரஸ்ஸர் எப்போதும் இருப்பார். ஊசி போடுவதும் மருந்து கலக்குவதும், பெரிய மருத்துவமனைக்கு யாரை அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தாம்.

1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அது ஒரு முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சட்டத்தின் பெயரிலேயே 'தோட்டம்' என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். தோட்டத் துண்டாடலால் குடும்பங்கள் வெளியேறிய காலம் அது. இருபது ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோரைக் கவனித்த கைகளுக்கும் தோட்டத்து வாசலைத் தாண்டினால் அதே மதிப்பு கிடைக்கவில்லை. திறமை கையில் இருந்தது. அது எங்கே செல்லும் என்பதைத் தாள்தான் முடிவு செய்தது.

தோட்டத்து வாசலில் நடந்ததுதான் பின்னர் கடலைத் தாண்டியும் நடந்தது.

இங்கிலாந்து ஏன் அழைத்தது?

பிரிட்டனில் தேசியச் சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5இல் தொடங்கியது. கட்டணமில்லாச் சிகிச்சை கிடைத்ததும் மருத்துவமனைகளில் கூட்டம் பெருகியது. தாதியர் போதவில்லை. அயர்லாந்து, மேற்கிந்தியத் தீவுகள், மொரிசியஸ், மலேசியா என்று பல நாடுகளிலிருந்து இளம்பெண்களை அழைத்தார்கள். 1960களிலும் 70களிலும் ஆங்கிலப் பள்ளியில் படித்த நம் நாட்டுப் பெண்கள் பலர் இப்படிச் சென்றார்கள். அவர்களுள் சீனரும் உண்டு, தமிழரும் உண்டு.

இதில் ஒரு கணக்கு இருந்தது. அந்நாளில் தாதிமைப் பயிற்சி கல்லூரி வகுப்பறையில் மட்டும் நடந்ததல்ல. பயிற்சி பெறுபவரே வார்டில் வேலையும் பார்த்தார். ஆகவே, மாணவியாக ஒருவரைச் சேர்த்த அன்றே மருத்துவமனைக்கு ஒரு வேலையாளும் கிடைத்தார்.

ஒரு பயிற்சி, இரு பாதைகள்

அங்கே இரண்டு வகைப் பயிற்சிகள் இருந்தன. ஒன்று மூன்றாண்டுப் பயிற்சி. முடித்தால் எஸ்.ஆர்.என்., அதாவது அரசுப் பதிவு பெற்ற தாதி. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த தகுதி இது. மற்றது இரண்டாண்டுப் பயிற்சி. முடித்தால் எஸ்.இ.என். 1943ஆம் ஆண்டுச் சட்டம் 'துணைத் தாதி' என்று ஒரு தனிப் பட்டியலை உருவாக்கியது. 1961இல் பெயரை மட்டும் மாற்றினார்கள். எஸ்.ஆர்.என். படித்தவர் வார்டு சிஸ்டராக உயரலாம், நிர்வாகத்திற்கும் போகலாம். எஸ்.இ.என். படித்தவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் நோயாளியின் கட்டிலருகிலேயே நிற்க வேண்டியதுதான்.

முதல் பாதையில் இருப்பவரை 'ஸ்டூடண்ட் நர்ஸ்' என்றார்கள். இரண்டாம் பாதையில் இருப்பவரை 'பியூப்பில் நர்ஸ்' என்றார்கள். தமிழில் இரண்டுக்கும் 'மாணவி' என்றுதானே சொல்வோம்? பெரியம்மாவுக்கு வந்த கடிதத்தில் 'பியூப்பில்' என்றுதான் இருந்தது. வீட்டில் எல்லாரும் படித்தார்கள். யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. அங்கே போய்ச் சில மாதங்கள் கழித்து, உடன் தங்கிய பெண் சொல்லித்தான் அவருக்கே தெரிந்ததாம்.

வெளிநாட்டிலிருந்து சென்ற பலர் இப்படி இரண்டாம் பாதையில் சேர்க்கப்பட்டார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குத் திரும்பிய பெண்கள் பலர், அந்தச் சான்றிதழுக்குச் சொந்த நாட்டில் மதிப்பில்லை என்பதை அங்கே போன பிறகுதான் அறிந்தார்கள்.

குறுகிய காலப் பயிற்சி போதும் என்று தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தவர்களும் உண்டு. மேலும் படித்து எஸ்.ஆர்.என். ஆனவர்களும் உண்டு. நானே ஒரு முறை பெரியம்மாவிடம், "நீங்கள் ஏன் மேலே படிக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறேன். "மாதா மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பணும். உங்க மாமா ரெண்டு பேரும் அப்போ பள்ளிக்கூடத்துல இருந்தாங்க" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

1979இல் அவர் நாடு திரும்பினார். அந்தச் சான்றிதழுக்கு முழுத் தாதி வேலை கிடைக்கவில்லை. ஒரு தனியார் கிளினிக்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தார். வந்தவர்கள் எல்லாருக்கும் அவர் 'மிஸ்ஸி'தான். நடு எழுத்து என்னவென்று எந்த நோயாளியும் கேட்டதில்லை. கேட்டது சம்பளச் சீட்டு மட்டுமே. பிரிட்டனிலோ 1980களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்தால் அந்த இரண்டாண்டுப் பயிற்சியே படிப்படியாக நிறுத்தப்பட்டது.

இன்றைய பெண்களுக்கு

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 2023இல் உலகில் 2 கோடியே 98 இலட்சம் தாதியர் இருந்தனர். இன்னும் 58 இலட்சம் பேர் தேவைப்பட்டனர். ஏழு தாதியரில் ஒருவர் தாம் பிறக்காத நாட்டில் பணிபுரிகிறார். இன்று சிங்கப்பூர், சவூதி அரேபியா, பிரிட்டன் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன.

2010 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, நாடு விட்டு நாடு சுகாதாரப் பணியாளர்களைச் சேர்ப்பதற்கு ஒரு நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டுப் பணியாளரை உள்ளூர்ப் பணியாளருக்குச் சமமாக நடத்த வேண்டும், ஏழை நாடுகளின் மருத்துவமனைகளைக் காலி செய்யக் கூடாது என்கிறது அது. நல்ல நெறிமுறைதான். ஆனால் அது சட்டம் அல்ல, யாரையும் கட்டாயப்படுத்தாது. எனவே விழிப்பு நம்மிடம்தான் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, நான் படிக்கும் டிப்ளோமாவை மலேசியத் தாதியர் வாரியம் அங்கீகரித்திருக்கிறதா? இரண்டாவது, போகும் நாட்டில் என் பெயர் எந்தப் பதிவேட்டில், எந்தப் பதவியில் ஏறும்? தாதியாகவா, பராமரிப்பு உதவியாளராகவா? பிரிட்டனில் தாதியாகப் பதிவு பெறக் கணினித் தேர்வும் செய்முறைத் தேர்வும் உண்டு. ஆங்கிலத் திறனையும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் என்கிளெக்ஸ் தேர்வு உண்டு. இவற்றை முடிக்காதவரை எந்தப் பெயரில், எந்தச் சம்பளத்தில் வைத்திருப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது, ஒப்பந்தத்தை இடையில் முறித்தால் பணம் கட்ட வேண்டியது யார், எவ்வளவு வெள்ளி?

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கடிதத்தில் புரியாத சொல் இருந்தால், புரிந்தது போல் தலையாட்டாதீர்கள். அனுபவமுள்ள ஒரு தாதியிடம் காட்டுங்கள். அன்று எங்கள் தாத்தாவுக்குக் கேட்பதற்கு ஆள் இல்லை. இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

வெளிநாடு போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள். ஆனால் உங்கள் சான்றிதழில் உள்ள ஒவ்வோர் எழுத்தையும் தெரிந்துகொண்டு போங்கள்.