ஏர்வாடிக்குப் பிறகு

மதுரையிலிருந்து தென்கிழக்கே சென்றால், ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் ஏர்வாடி தர்கா உள்ளது. மனநோயாளிகளை அங்கே கொண்டுவந்து தங்கவைப்பது நெடுநாளைய வழக்கம். இதையொட்டித் தனியார் காப்பகங்கள் பெருகின. 2001 ஆகஸ்டு 6 விடியற்காலையில் அவற்றுள் ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை, உள்ளே இருந்தவர்களோ சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். ஒரு வாரத்தில் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டு, 500-க்கு மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் வந்தனர். உச்சநீதிமன்றமும் தானாகவே இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

மூடியாயிற்று. அவர்கள் எங்கே போவது?

இங்கே நீங்கள் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். மனநோய் எந்த வயதிலும் வரலாம், மருந்தால் தணியக்கூடியது. அறிவுத்திறன் குறைபாடு நோயன்று. மூளை வளரும் பருவத்திலேயே அமைந்துவிடும் நிலை. 1912-ஆம் ஆண்டுச் சட்டம் இரு சாராரையும் ‘பித்தர்’ என்ற ஒரே சொல்லில் அடைத்தது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டந்தான் பிரித்துக் காட்டியது. மருந்தால் மாறாத நிலைக்கு மருத்துவமனைக் கட்டில் எதற்கு? வெளியே இடமில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

டென்மார்க் நாடு 1959-லேயே இதை உணர்ந்து சட்டம் செய்தது. மற்றவர்களைப் போன்ற வாழ்க்கைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் இவர்களும் வாழட்டும் என்பது அதன் கருத்து.

முடியுமா என்கிறீர்களா? பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து மாட்டுத்தாவணிக்குப் போவதை எண்ணிப் பாருங்கள். நமக்கு அது ஒரே செயல். பயிற்சியாளரோ அதைப் பலவாகப் பிரிக்கிறார்: பலகையைப் பார்த்தல், ஏறுதல், சில்லறை தருதல், சீட்டை வைத்துக்கொள்ளுதல், இறங்குமிடம் அறிதல். ஒன்று பழகிய பின்பே அடுத்தது. உதவி மெல்லமெல்லக் குறையும். காப்பகத்துக்குள் இதைக் கற்பிக்க இயலாது. அங்கே பஸ் வராதே!

சென்னையின் ‘தி பேனியன்’ நிறுவனம் 2015-இல் மற்றொரு வழியைத் தொடங்கியது. நெடுங்காலம் காப்பகத்தில் இருந்த மனநோயாளிகள் நான்கைந்து பேர் சேர்ந்து சாதாரணத் தெருவில் வாடகை வீட்டில் குடியிருப்பர், உதவியாளர் உடனிருப்பார். சமைப்பதும் கடைக்குப் போவதும் அவர்களே. அறிவுத்திறன் குறைந்தோருக்கும் இம்முறை பொருந்தும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சமூகத்தில் வாழும் உரிமையை எழுத்தில் தந்துள்ளது. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. ஆனால் ‘எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?’ என்று கேட்கும் பெற்றோருக்குச் சட்டப்பிரிவு போதாது. வாடகைக்கு வீடும், உதவியாளருக்குச் சம்பளமும், முகம் சுளிக்காத பக்கத்து வீட்டாரும் வேண்டும்.