பெருங்காய டப்பாவுக்குள் ஒரு படையெடுப்பு!

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் மதியச் சாப்பாட்டு நேரம். டிபன் பாக்ஸைத் திறந்தால் கொள்ளுப் பருப்பு! கொங்கு மண்ணின் மானாவாரிக் காடுகளில் விளையும் கொள்ளும் தட்டைப் பயறும்தான் இங்கே சைவச் சாப்பாட்டுக்குப் பலமே. சாப்பிட்டுவிட்டுத் தையல் மெஷின் முன்னால் மறுபடி குனிந்து உட்கார்ந்தால்... ''வயிறு கல்லாட்டம் இருக்குதுங்கக்கா!'' பக்கத்து மெஷின் அக்கா உடனே வைத்தியம் சொல்வார்: ''மோருல பெருங்காயத்தப் போட்டுக் குடி கண்ணு, சரியாப் போயிரும்!''

அந்த ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இரண்டாயிரத்து முந்நூறு வருட சரித்திரம் இருக்கிறது!

கி.மு. 329. மாவீரன் அலெக்சாண்டரின் படை இந்துகுஷ் மலையைக் கடக்கிறது. பனி, பசி. சமைக்க விறகு இல்லை. வேறு வழியில்லாமல் வீரர்கள் பச்சை மாமிசத்தைத் தின்கிறார்கள். அது செரிக்க உதவியது மலையில் மண்டிக் கிடந்த ஒரு செடி என்று எழுதுகிறார் கிரேக்க ஆசிரியர் ஸ்டிராபோ. 'சில்ஃபியம்' என்று கிரேக்கர்கள் அழைத்த அந்தச் செடி, பெருங்காய இனம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. பச்சை மாமிசத்துக்கு மருந்தானது, இன்று வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்காத சுத்த சைவச் சமையலறையில் ராஜாவாக உட்கார்ந்திருக்கிறது. வேடிக்கைதான், இல்லையா?

அசல் சில்ஃபியம் விளைந்தது வட ஆப்பிரிக்காவின் சைரீன் பகுதியில். ரோமானியர்கள் ஆசை ஆசையாய்த் தின்ற அது, அவர்கள் காலத்திலேயே அருகிப்போனது! கடைசியாகக் கிடைத்த ஒற்றைத் தண்டை நீரோ மன்னனுக்கு அனுப்பினார்களாம். சொல்பவர் பிளினி. இந்தியப் பச்சைக்கல்லைப் புகழ்ந்து எழுதிய அதே பிளினி! அந்தக் கல் கிடைத்த இடங்களில் ஒன்று, திருப்பூர் மாவட்டத்தில் காங்கயம் அருகே இருக்கும் படியூர். அசல் தீர்ந்ததும் ரோமானியர்கள் பாரசீகப் பக்கத்துப் பெருங்காயத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

நம் சித்த வைத்தியர்களோ சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம், கருஞ்சீரகம், இந்துப்பு இவற்றோடு எட்டாவதாகப் பெருங்காயத்தைச் சேர்த்து 'அட்ட சூரணம்' செய்தார்கள்.

சரி, வயிறு ஏன் உப்புகிறது? பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்று சில சர்க்கரைகள் உண்டு. அவற்றை உடைக்கும் என்சைம் நம் குடலில் சுரப்பதில்லை. அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேருகிற சர்க்கரையை பாக்டீரியாக்கள் புளிக்கவைக்க, கிளம்புகிறது வாயு! பெருங்காயம் அந்தச் சர்க்கரையை மாயமாக்கிவிடாது. உப்புசத்தைத் தணிக்கும் என்பது தலைமுறைகளின் அனுபவம். சின்னச் சின்ன ஆய்வுகளும் ஓரளவு ஆமோதிக்கின்றன. சர்க்கரையைக் குறைக்க நம் பாட்டிகளின் வழிதான் நல்லது. பயறை ராத்திரியே ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, முளைகட்டி வேகவையுங்கள். வலி நாள்கணக்கில் நீடித்தால் மட்டும் டப்பாவை மூடிவிட்டு டாக்டரிடம் போய்விடுங்கள்.

இன்னொரு விஷயம். கடையில் வாங்குவது முழுப் பெருங்காயம் இல்லை! ஒரு வேரைக் கீறினால் வடியும் பால் இறுகிப் பிசினாகிறது. அது ரொம்ப வீரியமானது என்பதால் கோதுமை மாவு, மைதா, கோந்து எதையாவது கலந்தே விற்கிறார்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத செலியாக் நோயாளிகள் லேபிளைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

அந்தப் பிசின் வருவது முக்கியமாக ஆப்கானிஸ்தான், ஈரான், உஸ்பெகிஸ்தானிலிருந்து. 2020 நிலவரப்படி வருடத்துக்குச் சுமார் 1,200 டன்! அந்த வருடம் அக்டோபர் 15 அன்றுதான் இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில், ஈரான் விதையிலிருந்து வளர்த்த முதல் பெருங்காய நாற்றை நம் விஞ்ஞானிகள் நட்டார்கள். பிசின் தர அதற்குச் சுமார் ஐந்து வருடம் வேண்டும்.

நொடித்துப்போன பெரிய குடும்பங்களைப் 'பெருங்காயம் வைத்த பாண்டம்' என்பார்கள் நம்மூரில். அலெக்சாண்டரின் பேரரசு போயிற்று, ரோமாபுரியும் போயிற்று. வாசனை மட்டும் நம் மோர் டம்ளரில் பாக்கி!