கப்பலின் கொடியும் தொழிலாளியின் நாடும்

தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டார். அம்மலைகளின் தேயிலையைச் சுமந்து செல்லும் கப்பலுக்கும் ஒரு குடியுரிமை உண்டு. அதன் கொடியே அதற்குச் சான்று.

1922இல் 'ரிலையன்ஸ்', 'ரெசொலூட்' என்னும் அமெரிக்கப் பயணக் கப்பல்கள், மதுவிலக்குச் சட்டத்திலிருந்து தப்பப் பனாமாக் கொடியேற்றின. வரியும் மாலுமியர் கூலியும் குறைவதைக் கண்ட முதலாளிகள் அவ்வழியே சென்றனர். 1948இல் லைபீரியாவும் அந்நியக் கப்பல்களுக்குத் தன் பதிவேட்டைத் திறந்தது. இன்றும் உல்லாசக் கப்பல்கள் பல பஹாமாஸ், பனாமாக் கொடிகளின் கீழேயே ஓடுகின்றன.

அதே 1948இல், இலங்கையின் குடியுரிமைச் சட்டம், தலைமுறை தலைமுறையாக மலையகத் தோட்டங்களில் உழைத்த தமிழரை நாடற்றவராக்கியது. எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க நேர்ந்தது.

கப்பல் முதலாளிக்குக் கட்டணம் போதும். தேயிலைத் தொழிலாளிக்கோ ஆயுள் முழுதும் உழைத்ததும் போதவில்லை. இந்நீதி யாருடையதென்று நாம் கேளாதிருத்தல் தகுமோ?