பேரிங் போச்சுன்னா மெஷினே போச்சா?

நூறு வருஷப் பழைய மரம் அறுக்கிற மெஷின்கள் அமெரிக்காவுல சில சமயம் காயலாங்கடை விலைக்கே கிடைக்கும். பெரும்பாலும் காரணம் பேரிங்தான். உள்ளே குண்டுகள் இருக்காது; ‘பேபிட்’ என்கிற வெள்ளை உலோகத்தை உருக்கி ஊத்தியிருப்பாங்க. தேஞ்சா மாத்துறதுக்குக் கடையில ரெடிமேடா கிடைக்காது. அதனால வாங்க வர்றவங்க திரும்பிடுவாங்க. மெஷின் செத்துப்போச்சுன்னுதான் நானும் நெனச்சேன்.

வரலாறு வேற சொல்லுது. மாசசூசெட்ஸ்காரர் ஐசக் பேபிட் 1839-ல இந்த வகை பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். வெள்ளீயம், அதோட கொஞ்சம் ஆன்டிமனி, செம்பு. எஃகுத் தண்டைவிட மெத்துனு இருக்கும். தேய்மானத்தைத் தான் வாங்கிக்கிட்டு தண்டைக் காப்பாத்தும்.

தேஞ்சதும் பழசை உருக்கி எடுத்துடலாம். தண்டுல ஒட்டாம இருக்க மெழுகுவத்திப் புகைக்கரி ஏத்தி, அதே இடத்துல நேரா நிறுத்தி, ஓரங்களை அடைச்சு, புதுசா ஊத்தலாம். பர்னர், இரும்புக் கரண்டி, பொறுமை போதும். ஆனா துளி ஈரம் இருந்தாலும் அது ஆவியாகி, உருகின உலோகம் முகத்துல தெறிக்கும். சில கலவைகள்ல காரீயமும் உண்டு. முகக்கவசமும் காத்தோட்டமும் கட்டாயம்.

இது தேயும்னு தெரிஞ்சேதான் அந்த மெஷினைச் செஞ்சவங்க செஞ்சாங்க. நாம ‘முடிஞ்சுபோச்சு’ன்னு கைவிடுற இடம், அவங்க பழுதுபாக்குறதுக்குன்னே விட்டுவெச்ச இடம்.