23 முறை வந்துபோன பழுது

மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். நெல்லிவாசல்நாட்டுக்கு ஏறும்போது இன்ஜின் திக்கும். கீழே இறக்கி மெக்கானிக்கிடம் காட்டினால் ஒன்றுமே இருக்காது. "நல்லாத்தானே ஓடுது" என்று அனுப்பிவிடுவார். விமானத்திலும் இப்படி வந்துபோகும் பழுதுகள் உண்டு. அப்படி ஒன்றின் கதைதான் இன்றைக்கு.

2014 டிசம்பர் 28, விடிகாலை. இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து சிங்கப்பூருக்கு 162 பேருடன் கிளம்பியது இந்தோனேசியா ஏர்ஏசியா 8501. ஏர்பஸ் ஏ320 ரக விமானம்.

விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் பகுதிக்குப் பின்னால் அசைகிற பலகைதான் சுக்கான். வேகமாகப் பறக்கும்போது அது அதிகம் திரும்பிவிடாமல் தடுக்க ஒரு கருவி இருக்கிறது. அதன் மின்னணுப் பலகையில் ஒரு சால்டர் இணைப்பில் விரிசல். சூடேறி, குளிர்ந்து, மறுபடி சூடேறி வந்த விரிசல். அந்த இடத்தில் மின்சாரம் ஒரு நேரம் போகும், ஒரு நேரம் போகாது.

அந்த விமானத்தில் முந்தைய 12 மாதங்களில் இந்தப் பழுது 23 முறை பதிவாகியிருந்தது. என்ன செய்தார்கள்? பெரும்பாலும் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்கள், சோதனை ஓட்டினார்கள். தரையில் சோதனை பாஸ் ஆகும். பதிவேட்டில் 'சரி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்ன விஷயம். ஆனால் வரிசையாக வைத்துப் பார்த்தால், கடைசி மாதங்களில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. அப்படி வரிசையாக வைத்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

அன்றைக்கு வானத்தில் கால் மணி நேரத்துக்குள் நான்கு முறை எச்சரிக்கை வந்தது. முதல் மூன்று முறை விமானிகள் திரை காட்டிய முறைப்படியே நடந்தார்கள். நான்காவது முறை வேறு மாதிரி. சுக்கானைக் கவனிக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் மின்சாரம் போனது. சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் என்ன பதிவாகுமோ, அதுதான் பதிவானது. மூன்று நாளுக்கு முன்பு இதே விமானத்தில், தரையில் ஒரு பொறியாளர் அப்படி இழுத்துப் பழுதை நிறுத்தியதை இதே கேப்டன் பார்த்திருந்தார்.

தரையில் அது தீர்வு. வானத்தில் அப்படி இல்லை. ஆட்டோபைலட் விலகியது. சுக்கான் இரண்டு டிகிரி இடப்பக்கம் திரும்பியிருந்தது. விமானம் 54 டிகிரி வரை சாய்ந்தது. பிறகு துணை விமானி கைப்பிடியைப் பின்னால் இழுக்க, மூக்கு தூக்கி, 38,000 அடிக்கு மேல் ஏறி, வேகம் இழந்து, ஜாவா கடலில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை.

2015 டிசம்பரில் வந்த இந்தோனேசிய விசாரணை அறிக்கை ஒரே ஒரு காரணத்தைச் சொல்லவில்லை. விரிசலும் உண்டு, தீராமல் திரும்பத் திரும்ப வந்த பழுதும் உண்டு, சாய்ந்த விமானத்தை மீட்கும் பயிற்சி விமானிகளுக்குப் போதாததும் உண்டு. இன்னொன்றையும் அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் விமானமே தரும் பழுதுப் பட்டியலைச் சரியாகப் பயன்படுத்தவில்லை.

மெக்கானிக் முன்னால் பழுது காட்டாத வண்டிக்கு நாம் என்ன செய்யலாம்? எந்தத் தேதி, எந்த ஏற்றம், எஞ்சின் சூடா குளிரா, முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை, இப்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று எழுதிக்கொண்டு போகலாம். வந்துபோகும் பழுது நம் கையில் விட்டுப்போகும் தடயம் அதுதானே. 8501-க்கு அந்தத் தடயம் 23 வரிகளாகக் காகிதத்திலேயே இருந்தது.