விளக்கும் பானையும்

கும்மிடிப்பூண்டி என்றதும் சிப்காட் தொழிற்பேட்டையும் இரும்பு ஆலைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவ்வூரிலேயே, இலங்கையினின்றும் கடல் கடந்து வந்த தமிழர் தலைமுறைகளாய் வாழும் முகாம் ஒன்றும் உண்டு. புழலிலும் அத்தகைய முகாம் இருக்கிறது. இம்மக்கள் வந்த காரணம் யாதென வினவினால், 1983 ஜூலைக் கலவரம் என்று விடை கூறி அமைகிறோம். அதற்கு ஏழு திங்கள் முன்னர் நடந்தேறிய வாக்கெடுப்பு ஒன்றை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. அதனை ஈண்டு ஆராய்வோம்.

1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 இடங்களைக் கைப்பற்றியது. 18 இடங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1978-ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஜெயவர்த்தனாவை நிறைவேற்று அதிகாரமுள்ள ஜனாதிபதியாக்கியது. விகிதாசாரத் தேர்தல் முறையையும் புகுத்தியது. அவரே இட்ட முடிச்சு இது. 1982 அக்டோபரில் அவர் மீண்டும் வென்றபோது பெற்ற வாக்குகள் 52.91 விழுக்காடுதான். அக்கணக்கில் பொதுத்தேர்தல் நடந்தால் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கைநழுவும். எனவே தேர்தலையே தவிர்த்து, நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டுகள் நீட்டிக்கச் சம்மதமா என மக்களைக் கேட்டார்.

1982 டிசம்பர் 22-இல் வாக்கெடுப்பு நடைபெற்றது. ஆம் என்போர்க்கு விளக்கு. இல்லை என்போர்க்குப் பானை. நாட்டில் அவசரநிலை நிலவியது. நக்சலைட் சதி என்று குற்றஞ்சாட்டி எதிரணியினர் பலர் சிறையிடப்பட்டனர். சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியுரிமைகளோ 1980-லேயே பறிக்கப்பட்டிருந்தன. விளக்குக்கு 31,41,223 வாக்குகள். பானைக்கு 26,05,983 வாக்குகள். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேர் பானைக்கே வாக்களித்தனர். முறைகேடுகள் பல நிகழ்ந்தமையைத் தேர்தல் ஆணையாளரே பின்னாளில் தம் அறிக்கையில் பதிவு செய்தார்.

வாக்களித்தோரில் நூற்றுக்கு நாற்பத்தைந்து பேர் மறுத்தும், ஆறில் ஐந்து பங்கு இடங்கள் ஒரே கட்சியின் கையில் நிலைத்தன. 1983 ஜூலையில் தமிழர்தம் உயிரும் உடைமையும் தீக்கிரையாயின. ஆகஸ்ட் 4-ஆம் நாளோடு ஆயுள் முடிந்திருக்க வேண்டிய அந்நாடாளுமன்றம், அத்திங்கள் 8-ஆம் நாள் ஆறாவது திருத்தத்தைச் சட்டமாக்கியது. பிரிவினையைக் கைவிடுவதாக உறுதிமொழி எடுக்க மறுத்த கூட்டணியினர் இடங்களை இழந்தனர். தமிழரின் குரல் மன்றத்தினின்றும் வெளியேற, துப்பாக்கியின் குரல் ஓங்கிற்று. தெற்கே தடை செய்யப்பட்ட ஜனதா விமுக்தி பெரமுன தலைமறைவாகி, பின்னர்க் கிளர்ச்சியில் இறங்கிற்று. அடுத்த பொதுத்தேர்தல் நடந்ததோ 1989 பிப்ரவரியில்!

எல்லாத் துயருக்கும் அவ்வாக்கெடுப்பே வேர் என்பது மிகையாகும். 1956-இன் தனிச்சிங்களச் சட்டமும், 1981-இல் யாழ் நூலகம் எரிக்கப்பட்டதும் அதற்கு முந்தியவை. எனினும், மனக்குறைகள் வாக்குச்சீட்டாய் வெளிப்படும் வழியை அது அடைத்தது என்பது மறுக்கவொண்ணா உண்மை.

இலங்கை முஸ்லிம்களும் இதன் விளைவினின்றும் தப்பவில்லை. ஏ.சி.எஸ். ஹமீத் ஆளுங்கட்சியில் வெளியுறவு அமைச்சர். பதியுத்தீன் மஹ்மூத் சுதந்திரக் கட்சியின் முன்னாள் கல்வி அமைச்சர். இவ்வாறு இரு பெருங்கட்சிகளிலும் கலந்து நின்ற சமுதாயம், போர் மூண்டதும் தன் பாதுகாப்புக்குத் தனிக்குரல் வேண்டுமென உணர்ந்தது. 1981-இல் காத்தான்குடியில் அஷ்ரஃப் தொடங்கிய முஸ்லிம் காங்கிரஸ் 1986-இல் அரசியற் கட்சியாயிற்று. 1990-இலோ காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். வடபுலத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் பிறந்த மண்ணைவிட்டே விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதிகளாயினர். ஒடுக்கப்பட்டோர் கையிலும் நீதி தவறலாம் என்பதற்கு இது சான்று.

2021-இல் தமிழக அரசு அகதிகள் முகாமை மறுவாழ்வு முகாம் எனப் பெயர் மாற்றியது. ஆயினும், இம்மண்ணிலேயே பிறந்தும் குடியுரிமை இல்லாதோர் அங்கே பலர் உளர். 2019-இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கைத் தமிழரையும் சேர்க்கவில்லை, முஸ்லிம்களையும் சேர்க்கவில்லை. ஒரே வாயிலின் புறத்தே நிற்போர் ஒருவர் துயரை மற்றவர் அறிதல் கடமையன்றோ?

பெரும்பான்மை என்பது ஆள்வதற்கு உரிமை தரும். சிறுபான்மையின் வாயை அடைப்பதற்கு அது உரிமையாகாது. விளக்கு வென்ற நாட்டில் இருள் சூழ்ந்த வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.