ஒரே ஏடு, பல விரல்கள்

அரியலூரிலிருந்து தெற்கே கொள்ளிடக் கரை நோக்கிச் செல்வோர்க்கு ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலம் புதியதன்று. அங்குத் தங்கித் தமிழுக்குத் தொண்டாற்றிய வீரமாமுனிவர் 1680-ஆம் ஆண்டில் வட இத்தாலியில் பிறந்தவர். அவர் இளைஞராயிருந்தபோது, ஏறத்தாழ 1700-ஆம் ஆண்டளவில், பிளாரன்ஸ் நகரில் பர்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்னும் கைவினைஞர் புதிய இசைக்கருவி ஒன்றைச் செய்து முடித்தார். அதற்குமுன் வழங்கிய ஹார்ப்சிகார்டு, தந்தியை மீட்டி ஒலித்தது; விரலை மென்மையாக அழுத்தினாலும் வலிந்து அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. கிறிஸ்தோபோரியோ, சிறு சுத்தியல் தந்தியைத் தட்டுமாறு அமைத்தார். விரலின் பரிவு அப்படியே ஒலியில் வெளிப்பட்டது. அதுவே பியானோ.

இயேசு சபையைச் சேர்ந்த வீரமாமுனிவர் தம் கலையறிவைத் தமிழுக்கு ஈந்தார். அதே சபையின் தொமேனிக்கோ சிப்போலி தம் இசைத்திறனோடு தென் அமெரிக்காவுக்குச் சென்று, 1726-இல் கொர்தொபா நகரில் இறந்தார். ஒருவர் சொல்லால் தொண்டு செய்தார். மற்றவர் சுரத்தால் தொண்டு செய்தார்.

ஆயினும் திருச்சபை பியானோவை உடனே கோவிலுக்குள் வரவேற்கவில்லை. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று, புனித செசிலியாவின் திருநாளில் வெளியிட்ட ஆணையில், கோவிலில் பியானோ வாசிப்பதையே தடை செய்தார். நாடக அரங்கின் ஆரவாரம் பீடத்தருகே வந்துவிடலாகாது என்பதே அவருடைய கவலை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குழலார்கனுக்கு முதன்மை தந்து, வழிபாட்டுக்கு ஏற்ற பிற கருவிகளுக்கும் வாயில் திறந்தது. எனினும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரச் சிற்றூர்ப் பங்குகளில் ஆர்மோனியமும், பின்னாளில் மின் இசைப்பலகையுமே வழங்கின. மேலைச் செவ்வியல் பியானோ இசை நம்மை அடைந்தது பெரும்பாலும் ஒலிப்பதிவு வாயிலாகத்தான். அரங்கமில்லாத ஊரில் ஒலிப்பதிவே ஆசிரியர். பாடகர் குழுவில் இசைப்பலகை பழகும் சிறுவன் எதை முதலில் கேட்கிறானோ, அதுவே அவன் செவிக்கு அளவுகோலாகிவிடும். ஆகவே, எதைத் தேர்வது என்பது சிறிய வினாவன்று.

ஒலிப்பதிவின் வரலாறே இதற்கு வழிகாட்டும். அர்த்தூர் ஷ்னாபெல் 1932 முதல் 1935 வரை லண்டனில் பேத்தோவனின் 32 சொனாட்டாக்களையும் முதன்முதலாக முழுமையாகப் பதிவு செய்தார். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் நான்கு நிமிடம் அளவே ஓடும். பிழையை வெட்டி ஒட்டும் வசதியும் இல்லை. ஆதலால் அவர் தவறித் தட்டிய சுரங்களும் அதில் உண்டு. ஆயினும் அவை இன்றுவரை போற்றப்படுகின்றன. ஏன்? படைத்தவரின் கருத்தைத் தேடி ஓர் உள்ளம் செல்லும் பயணம் அங்கே கேட்கிறது. பிழையின்மை மட்டுமே சிறப்பன்று என்பது நாம் பெறும் முதற்பாடம்.

இரண்டாவது பாடம் ருமேனியரான தினு லிப்பாத்தி தருவது. நிணநீர்ப் புற்றுநோயால் நலிந்த அவர், 1950 செப்டம்பர் 16 அன்று பிரான்சின் பெசான்சோன் நகரில் இறுதியாக மேடையேறினார். ஷோப்பேனின் பதினான்கு வால்ட்சுகளில் பதின்மூன்றை வாசித்தார்; எஞ்சிய ஒன்றுக்கு உடல் ஒத்துழைக்கவில்லை. பாக்கின் பக்திப் பாடல் ஒன்றை வாசித்து விடைபெற்றார் என்பர். அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று, தம் 33-ஆம் வயதில் இறந்தார். அந்தப் பதிவில் புலம்பல் இல்லை. தெளிவும் அடக்கமுமே உண்டு. வாசிப்பவர் தம்மை மறைத்துக்கொண்டு இசையை முன்னிறுத்துகிறாரா என்று கேட்டுப் பார்க்க இதைவிட நல்ல உரைகல் இல்லை.

மூன்றாவது பாடம் கனடாவின் கிளென் கூல்டு. பாக்கின் கோல்டுபெர்க் மாறுபாடுகளை அவர் 1955-இல் ஏறத்தாழ 38 நிமிடங்களில் வாசித்தார்; 1981-இல் அதே படைப்பு 51 நிமிடங்கள் ஆயிற்று. பின்னதில் சில பகுதிகளைத் திரும்ப வாசித்தது ஒரு காரணம். நடையின் நிதானம் மற்றொரு காரணம். ஏடு ஒன்றே, விரல்களும் அவையே. இளமை ஒன்றைக் கண்டது. முதிர்ச்சி மற்றொன்றைக் கண்டது. எது சிறந்தது என்று கேட்போர் இரண்டையும் கேட்டாலன்றி விடை காணார்.

இறைமக்களாகிய நமக்கு இது வியப்பூட்ட வேண்டியதில்லை. நற்செய்தி ஒன்றே, அதை எழுதியோர் நால்வர். நான்கையும் பிசைந்து ஒன்றாக்கும் முயற்சிகள் தொடக்கக் காலத்திலேயே எழுந்தன. ஆயினும் திருச்சபை நால்வரையும் நால்வராகவே காத்தது. எனினும் வந்ததையெல்லாம் அது ஏற்றுக்கொள்ளவில்லை. மூலத்துக்கு உண்மையாயிருந்ததையே ஏற்றது. பன்மைக்கு இடமளித்தலும் பகுத்தறிந்து தேர்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

இசையிலும் இதே வழியை நாம் கைக்கொள்ளலாம். பெயரையும் விளம்பரத்தையும் நம்பாமல், ஒரே படைப்பை இருவர் வாசிக்கக் கேட்போம். வேகத்தைக் கண்டு மயங்காமல், மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையே உள்ள படிகளைக் கவனிப்போம். ஒருமுறை கேட்டுத் தீர்ப்பளிக்காமல், சில நாள் கழித்து மீண்டும் கேட்போம். நம் பங்கு இளைஞருக்கு விலையுயர்ந்த கருவி வாங்கித் தர இயலாமற் போகலாம். நல்லதைக் கேட்கும் செவியை வளர்த்துத் தர நம்மால் இயலும். விசையை அழுத்தியவுடன் தாளமும் மேளமும் தாமே கொட்டும் இக்காலத்தில், விரலின் பரிவை உணரும் செவி வாய்க்குமானால், நம் ஆலய வழிபாட்டிலும் ஆரவாரம் தணிந்து செபம் தழைக்கும்.